பச்சையாகிப் போன கிழங்குக்கு டானிக் எதற்கு?

கேள்வி: ஓசூரில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தியில் வைக்கோல் மூடாக்கு போட்டு உருளைக்கிழங்கு வைத்திருக்கிறேன். 65 நாளாகிறது. வாரம் ஒருமுறை வைக்கோலை விலக்கிப் பார்ப்பேன். இப்போது மேலாக இருக்கும் கிழங்கெல்லாம் பச்சையாக இருக்கிறது. உரக்கடையில் நோய் என்று சொல்லி ஒரு டானிக் கொடுத்தார்கள். அடிக்கலாமா? கிழங்கைச் சாப்பிடலாமா?

பதில்: அடிக்காதீர்கள். இது நோயே இல்லை. கிழங்கின் மேல் வெளிச்சம் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். உருளைக்கிழங்கு வேர் அல்ல, பருத்த தண்டு. வெளிச்சம் பட்டால் இலையைப் போலப் பச்சையாகும். பச்சை நிறத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின் என்ற நச்சும் தோலில் கூடிவிடும். வேகவைத்தாலும் போகாது. ஓரத்தில் மட்டும் பச்சை என்றால் அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். முழுக்கப் பச்சையானதும் கசப்பதும் வேண்டவே வேண்டாம். மாட்டுக்கும் போடாதீர்கள்.

வைக்கோலை ஒரு அடி உயரம் போட்டாலும் நாலைந்து தண்ணீர் பாய்ந்ததும் பாதியாக அமுங்கிவிடும். நீங்களும் வாரா வாரம் விலக்கியிருக்கிறீர்கள். இனி விலக்க வேண்டாம். இன்றைக்கே செடியின் அடியில் ஒரு கை மண் அணைத்து, மேலே அரை அடி வைக்கோல் சேருங்கள். அடுத்த முறை விதைக்கிழங்கை மண்மேல் சும்மா வைக்காமல் இரண்டு அங்குலம் புதைத்துவிட்டு மூடுங்கள்.

அந்த டானிக் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. எந்தச் செடியைக் காட்டினாலும் ஒரே பாட்டிலை நீட்டுகிற கடைகள் உண்டு. பில் கேளுங்கள், தயங்குவார்கள்.

விதையிலும் இதே கதைதான். சந்தைக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி, 'ஊட்டி விதை' என்று இரண்டு மடங்கு விலைக்குத் தருவார்கள். அது பூச்சு என்றால் பணம்தான் போகும். நிஜமாகவே ஊட்டிக் கிழங்கு என்றால் ஆபத்து அதைவிடப் பெரிது. உருளைக்கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் மிகச் சிறிய புழுவான முட்டைக்கூடு நூற்புழு நீலகிரி மண்ணில் இருப்பது 1961இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கூடுகள் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வரும், செடியே இல்லாவிட்டாலும் நிலத்தில் 20 ஆண்டுகூடத் தாங்கும். அதனால்தான் நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. சமைத்துச் சாப்பிடத் தடையில்லை, புழு மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் முளைவிட்டதே என்று அதை உங்கள் பாத்தியில் ஊன்றிவிடாதீர்கள். கழுவிய மண்தண்ணீரையும் தோட்டத்தில் ஊற்ற வேண்டாம்.

சரி, நல்ல விதைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எனக்கும் இதில் கோபம்தான். தரச் சான்று பெற்ற விதைக்கிழங்கு பெரும்பாலும் 50 கிலோ மூட்டையாகத்தான் வருகிறது. இரண்டு கிலோ கேட்கும் வீட்டுத் தோட்டக்காரரை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கத்தரிக்கும் வெண்டைக்கும் சிறு பொட்டலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் முடியவில்லை? அதுவரை, பக்கத்தில் மூட்டை வாங்கும் விவசாயியிடம் கேட்டுப் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

90 நாளுக்கு மேல் இலை மஞ்சளாகும். தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்து வைக்கோலை எடுங்கள். எடுத்த கிழங்கை வெயிலில் காயப்போடாமல் இருட்டில் வையுங்கள்.