வாசகர் கேள்வி – பதில்: பொறியியல் கவுன்சலிங்

மகளுக்குக் கட்-ஆஃப் (தரவரிசைக்கான மதிப்பெண்) 200-க்கு 180. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தை முதல் சாய்ஸாகப் போட ஆசைப்படுகிறாள். கிடைக்காததை முதலில் போட்டால் கிடைக்க வேண்டிய சீட்டும் போய்விடும் என்கிறார்களே?
– வாசகி, நாமக்கல்

போகாது. தைரியமாகப் போடச் சொல்லுங்கள். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் ஒரே விண்ணப்பம்தான், 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கும். கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கும். மகளின் முறை வந்ததும் அவள் பட்டியலை மேலிருந்து பார்க்கும். முதல் சாய்ஸில் இடமில்லையா, இரண்டாவது. அதிலும் இல்லையா, மூன்றாவது. இடம் இருக்கிற முதல் சாய்ஸ் அவளுக்கு. அவளுக்குப் பின்னால் ரேங்க் வாங்கியவர் அதே சீட்டை முதல் சாய்ஸாகவே போட்டிருந்தாலும் அவளைத் தாண்டி அதை எடுக்க முடியாது.

நஷ்டம் வருவது வேறு இடத்தில். 'இதுதான் கிடைக்கும்' என்று ஒன்றை மேலே ஏற்றிவிட்டால் அது கிடைத்ததும் கணினி நின்றுவிடும். உண்மையில் ஆசைப்பட்ட கல்லூரி கீழே இருந்தால், அதில் இடம் இருந்தும் பயனில்லை. ஆகவே வரிசை விருப்பப்படி. கட்-ஆஃப் கணக்கு, பட்டியல் எவ்வளவு கீழே வரை நீள வேண்டும் என்பதற்கு மட்டும்.

பட்டியல் நீளமாகவே இருக்கட்டும். எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவு என்றால் ஒரு சாய்ஸ். அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., இ.சி.இ. மூன்றும் வேண்டுமானால் மூன்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். சென்ற ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அந்தப் பாடப்பிரிவு எந்த ரேங்க்கில் முடிந்தது என்று பாருங்கள். மதிப்பெண்ணை மட்டும் நம்ப வேண்டாம்: ஒரு வருடம் 180-க்குக் கிடைத்த ரேங்க், வினாத்தாள் எளிதான அடுத்த வருடம் 180-க்குக் கிடைக்காது. மகளின் ரேங்க்குக்கு நன்றாகப் பின்னால் முடிந்த கல்லூரிகளும் பட்டியலின் அடியில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைப் போடவே கூடாது.

பெயரைப் பார்த்து 'கிளிக்' செய்யாதீர்கள், குறியீட்டு எண்ணைப் பாருங்கள். கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 2006. அதே குழுமத்தின் இன்னொரு கல்லூரி 2377. பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்றிருந்தால் அது சுயநிதி இடம். அரசு உதவி பெறும் கல்லூரியில்கூட அதற்குக் கட்டணம் அதிகம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டது. 'ஏற்று மேலே காத்திருக்கிறேன்' என்று கொடுக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

கிடைத்த சீட் பிடித்திருந்தால் 'ஏற்றுச் சேர்கிறேன்' கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே நீங்கள் போட்ட சாய்ஸ்கள் இன்னும் வேண்டும் என்றால் மட்டுமே 'ஏற்று மேலே'. அப்போது கட்டணத்தை உரிய நாளுக்குள் பொறியியல் சேர்க்கைக்கான சேவை மையத்தில் (டி.எஃப்.சி.) செலுத்த வேண்டும். மற்றவர்கள் சேராமல் விட்ட இடம் கிடைத்தால் பழைய சீட் தானாகவே போய்விடும், திரும்ப வராது. கீழே போட்டவை எதுவும் இனிக் கணக்கில் வராது. 'மறுத்து மேலே' என்பதில் கையில் இருக்கும் சீட்டையும் விட்டுவிடுகிறீர்கள். நிச்சயமான காரணம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். எதையும் தேர்வு செய்யாமல் நாள் தவறினாலும் சீட் ரத்துதான். உறுதிசெய்ய ஓ.டி.பி. வரும், எனவே பதிவின்போது கொடுத்த செல்போன் எண் கவுன்சலிங் முடியும்வரை கையில் இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யாதீர்கள்.

கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 90. கட்-ஆஃப் எவ்வளவு? அதே கட்-ஆஃப் பலருக்கு இருந்தால்?
– மாணவர், தென்காசி

கணிதம் அப்படியே 92, மற்ற இரண்டும் பாதி: 43, 45. மொத்தம் 200-க்கு 180. சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணும், பிறகு இயற்பியலும் பார்க்கப்படும். மதிப்பெண்கள் எல்லாம் ஒன்றானால்தான் பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றானால் விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் கணினி தரும் ரேண்டம் எண். பெரிய எண் உள்ளவர் முன்னால் வருவார்.

கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் யாருக்கு?
– வாசகி, அரியலூர்

குடும்பத்தில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாருமே பட்டம் பெற்றிருக்கக் கூடாது. இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு அங்கே கூட்டம் தாங்காது. சாதிச் சான்றிதழையும் சரிபாருங்கள். அது செல்லாவிட்டால் பொதுப் பிரிவில் வைத்துவிடுவார்கள்.