கோரைக்கு அடியிலும் மேலேயும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ட்யூடர் வம்சம் ஆண்ட பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து பற்றிய உங்கள் கட்டுரையில், அங்கே வீட்டுத் தரைகள் எவ்வளவு அழுக்காக இருந்தன என்று டச்சு அறிஞர் எராஸ்மஸ் சொன்னதை எழுதியிருந்தீர்கள். ஆனால் 1560-ல் போன டச்சு மருத்துவர் லெம்னியஸ் வீடுகளின் சுத்தத்தையும் வாசனையையும் மெச்சுகிறார். யாரை நம்புவது? வந்துபோனவர்கள் எழுதியதை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

கே.

அன்புள்ள கே,

இரண்டு பேரையும் நம்பலாம். அவர்கள் எதற்காகத் தரையைப் பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம். எராஸ்மஸ் அதை எழுதியது ஒரு கடிதத்தில், மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வுல்சியின் மருத்துவருக்கு. இங்கிலாந்தைக் கொள்ளைநோய் ஏன் விடாமல் பிடித்திருக்கிறது என்பது எராஸ்மஸின் கேள்வி. அதனால் அவர் கண் தரையில் பரப்பிய கோரைப்புல்லுக்கு அடியில் போகிறது. மேலே மட்டும் புதுக் கோரையைப் பரப்புகிறார்கள், அடியில் இருப்பது சில வீடுகளில் இருபது வருஷம் அப்படியே கிடக்கிறது. எச்சில், வாந்தி, நாய் மூத்திரம், சிந்திய பீர், மீன் முள் எல்லாம் அதற்குள் என்கிறார். இருபது வருஷம் என்பது எரிச்சலில் சொன்ன கணக்கு என்று நினைக்கிறேன். மீன் முள்ளை அப்படியே நம்புகிறேன்.

லெம்னியஸ் ஒரு தலைமுறை கழித்து விருந்தாளியாகப் போனவர். அவர் பார்த்தது மேல் அடுக்கு: புதிதாகத் தூவிய மூலிகைகள், படுக்கையறையில் வைத்த பூங்கொத்து. விருந்தாளிக்கு வேறு எதைக் காட்டுவார்கள்?

மக்களின் குணத்தைப் பற்றிய தீர்ப்புகளில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். 1592-ல் ஜெர்மனியின் வுர்ட்டம்பர்க் பிரபுவுடன் வந்தவர்கள், லண்டன்காரர்கள் திமிர் பிடித்தவர்கள், தெருப்பையன்கள் கூட்டமாகக் கூடி அந்நியர்களை அடிக்கிறார்கள் என்று எழுதினார்கள். லண்டனிலேயே நெடுநாள் வாழ்ந்த ஆண்ட்வெர்ப் வணிகர் வான் மெட்டெரனோ, மணமான பெண்களுக்கு அங்கே இருந்த சுதந்திரத்தைக் கண்டு வியக்கிறார். அவர் மனதில் ஒப்பிட்டுப் பார்த்தது ஸ்பெயினை.

அப்புறம், இவர்கள் எழுதியது எல்லாமே நேரில் கண்டது இல்லை. 1598-ல் வந்த ஜெர்மானியர் ஹென்ட்ஸ்னர் ஊர்களைப் பற்றிச் சொல்லும் பலவும் ஆங்கில வரலாற்றாசிரியர் கேம்டனின் நூலிலிருந்து எடுத்தவை. ஆனால் கிரீனிச் அரண்மனையில் எலிசபெத் ராணியின் பற்கள் கறுத்திருந்ததை அவரே பார்த்தார். ஆங்கிலேயர்கள் சர்க்கரையை அளவுக்கு மீறித் தின்பதால் வரும் குறை என்று சேர்த்துக்கொள்கிறார். அரசவையில் பிழைக்கவேண்டிய ஓர் ஆங்கிலேயர் அதை எழுதியிருப்பாரா?

எனக்கு மிகவும் பிடித்தவர் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்து தாமஸ் பிளாட்டர். 1599 செப்டம்பர் 21 அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேம்ஸைக் கடந்து போய், கூரை வேய்ந்த அரங்கில் ஜூலியஸ் சீசர் நாடகம் பார்த்தார். நின்று பார்க்க ஒரு பென்னி, உட்கார இன்னொன்று, மெத்தை போட்ட இடத்துக்கு மேலும் ஒன்று. நாடகம் முடிந்ததும் இருவர் ஆண் வேடத்திலும் இருவர் பெண் வேடத்திலும் அழகாக ஆடினார்கள் என்கிறார். நாடகத்தை எழுதிய ஷேக்ஸ்பியரின் பெயரை அவர் குறிக்கவில்லை. அந்த நாடகத்தின் காலத்தைக் கணிக்க இன்றும் ஆய்வாளர்கள் தேடிப்போவது அவருடைய சில வரிகளைத்தான். எலிசபெத் கால நாடக அரங்கின் உட்புறத்தைக் காட்டும் சமகாலப் படமும் டி விட் என்ற டச்சுக்காரர் வரைந்ததே, அதுவும் நண்பர் எடுத்த பிரதியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. வாராவாரம் போய்வந்த லண்டன்காரருக்கு அதை வரைந்து வைக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆகவே தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாட்டரிலிருந்து தொடங்கினால் நல்லது.

அன்புடன்.