லாகரும் ஏலும்

கேள்வி: இங்கிலாந்திலிருந்து வந்த உறவினர் ‘ஏல்’ வகை பீரைப் புகழ்கிறார். நம் ஊர் பீரிலிருந்து அதன் சுவை எவ்வாறு வேறுபடுகிறது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் பகுதிக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் லாகர் வகையே. லாகரின் ஈஸ்ட் சுமார் 7 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிரில் மெதுவாக நொதிப்பதால் சுவை மென்மையாக அமைகிறது. ஏலின் ஈஸ்டோ 15 முதல் 24 டிகிரி வெப்பத்தில் விரைந்து நொதித்து, எஸ்டர் எனும் மணப்பொருள்களை மிகுதியாக உண்டாக்குவதால், வாழைப்பழத்தையோ பேரிக்காயையோ நினைவூட்டும் வாசம் எழுகிறது. நிறத்தை நம்ப வேண்டாம். கறுத்த லாகரும் உண்டு. இந்தியா பேல் ஏலில், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பும், ஸ்டவுட் எனும் கறுத்த ஏலில் வறுத்த பார்லியின் காபி மணமும் ஓங்கி நிற்கும். மிகவும் குளிரவைத்தால் ஏலின் மணம் அடங்கிவிடும் என்பதால், (உறவினர் கோபித்துக்கொண்டாலும்) சென்னை வெயிலுக்கு லாகரே பொருத்தம் என்பேன்.