பந்தாடும்போது பட்ட அடியால் எலும்புப் புற்றுநோய் வருமா?

தாராவியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 14 வயது மகனுக்கு முழங்காலில் அடிபட்டது, இப்போது ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் என்கிறார்கள், அடிதான் காரணமா என்று. இல்லை. அடிபட்டதால் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏற்கெனவே இருந்த கட்டி அதில் தெரிந்தது. விளையாட விட்டோமே என்று தயவுசெய்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

பலருக்கு இன்னதுதான் காரணம் என்று காட்ட முடிவதில்லை. பதின்ம வயதில் எலும்பு மளமளவென்று வளரும் இடங்களில், குறிப்பாகத் தொடையெலும்பின் கீழ்முனையில், இது அதிகம் வருகிறது. முன்பு கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற எலும்பு, பரம்பரையாக வரும் விழித்திரைப் புற்று, புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் கோளாறு, முதியவர்களுக்கு எலும்பு தாறுமாறாக வளரும் பேஜட் நோய் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். யூயிங் சார்கோமா என்பது எலும்புப் புற்றுநோயில் வேறு வகை. அதில் பெரும்பாலும் 11, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அது பெற்றோர் வழி வருவதல்ல.

எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், நாட்டுக்கட்டும் வேண்டாம். கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியை, அறுவை சிகிச்சை செய்யப்போகும் குழுவே எடுக்கட்டும். பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ஊசி போன தடத்தையும் கட்டியோடு சேர்த்து நீக்கத் திட்டமிடுவார்கள். தப்பான இடத்தில் குத்திவிட்டால் காலைக் காப்பாற்றுவது சிரமமாகிவிடும்.