நாளைய உணவுக்கான அழைப்பு

அன்புள்ள ஐயா,

ஒரு பௌத்த பிக்குவின் உரைகளை இரண்டு வருடமாகக் கேட்டுவருகிறேன். எல்லாமே இலவசம். அப்பா இறந்தபின் என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தக் குரல்தான். போன மாதம் அவர்களுடைய அறக்கட்டளை நன்கொடை கேட்டு ஒரு சிறு குறிப்பு அனுப்பியிருந்தது. ‘விரும்புகிறவர்கள் இயன்றதைத் தரலாம்’ என்றுதான் இருந்தது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இதற்குப் பணம் அனுப்பினால் அந்த உரைகளுக்கு நானே ஒரு விலை வைத்ததுபோல் ஆகிவிடாதா? அனுப்பாமல் இருந்தாலும், இவ்வளவு நாள் சும்மாவே வாங்கிக்கொண்டேனே என்று உறுத்துகிறது. என் சம்பளம் வீட்டுச் செலவுக்கே சரியாகப் போய்விடுகிறது. எவ்வளவு கொடுப்பது முறை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சங்கடம் மிகப் பழையது. சுத்த நிபாதம் என்ற பழைய பௌத்த நூலில் ஒரு கதை இருக்கிறது. மகத நாட்டில் விதைப்புக் காலம். கசி பாரத்வாஜர் என்ற பிராமணர் 500 ஏர் பூட்டி உழவு நடத்துகிறார். ஆட்களுக்குச் சோறு பரிமாறும் நேரத்தில் புத்தர் வந்து ஓரமாக நிற்கிறார். ‘நான் உழுது விதைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன், நீங்களும் அப்படிச் செய்யலாமே’ என்கிறார் பாரத்வாஜர். ‘நானும் உழுகிறவன்தான்’ என்று சொல்லி, நம்பிக்கை விதை, தவம் மழை, ஞானம் நுகமும் ஏரும் என்று புத்தர் பாடலாகவே விரித்துச் சொல்கிறார். பாரத்வாஜர் மனம் நெகிழ்ந்து, பெரிய வெண்கலக் கிண்ணம் நிறையப் பால்சோறு எடுத்து நீட்டுகிறார். புத்தர் வாங்கவில்லை. பாடல் சொல்லிக் கிடைத்த சோற்றை நான் உண்பதில்லை என்கிறார். உயிர்கள் இல்லாத நீரில் அதைக் கொட்டச் சொல்கிறார். நாள் முழுக்கச் சூடேறிய கொழுவை, அதாவது ஏரின் இரும்பு முனையை, தண்ணீரில் முக்கினால் எப்படிச் சீறிப் புகையுமோ, அப்படிச் சீறியதாம் அந்தச் சோறு.

இதைப் படித்துவிட்டு, உரையைக் கேட்டபின் கொடுப்பதே தவறு என்று முன்பு நானும் நினைத்திருந்தேன். ஆனால் அதே பௌத்த நூல்களில் திரும்பத் திரும்ப வேறொன்றும் வருகிறது. யாரோ ஒருவர் புத்தரின் உரையைக் கேட்கிறார். மனம் தெளிகிறது. ‘நாளை என் வீட்டில் உணவருந்த வர வேண்டும்’ என்று அழைக்கிறார். புத்தர் மௌனமாக இருந்தே சம்மதிக்கிறார். இதுவும் உரையைக் கேட்டபின் கொடுப்பதுதானே? இதை மட்டும் ஏன் ஏற்றுக்கொள்கிறார்? எனக்கு அந்த ‘நாளை’ என்ற சொல்லில்தான் விடை இருப்பதாகத் தோன்றுகிறது. பாரத்வாஜர் நீட்டியது சற்றுமுன் கேட்ட பாடலுக்கான கூலி. நாளைக்கு அழைக்கிறவர் முடிந்த உரைக்குக் கணக்குத் தீர்ப்பதில்லை, இவர் தொடர்ந்து நடக்கட்டும், இன்னும் நாலு பேர் கேட்கட்டும் என்று கொடுக்கிறார். இது என் வாசிப்பு. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

பிக்குகளின் வாழ்க்கையையே புத்தர் இப்படித்தான் அமைத்தார். விநயம் எனப்படும் துறவிகளுக்கான ஒழுக்க விதிகளின்படி பிக்கு பணத்தைத் தொடக்கூடாது, உணவைச் சேர்த்துவைக்கக் கூடாது, அன்றன்றைக்குக் கிடைப்பதை நண்பகலுக்குள் உண்ண வேண்டும். அதனால் ஒருநாள்கூட அவரால் மக்களை விட்டு விலகிவிட முடியாது. இல்லறத்தார் உடையும் உணவும் உறைவிடமும் மருந்தும் தருகிறார்கள், பிக்குகள் தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையைத் தருகிறார்கள், இருவரும் ஒருவரையொருவர் சார்ந்தே கடைத்தேறுகிறார்கள் என்று இதிவுத்தகம் என்ற பௌத்த நூல் சொல்கிறது. உங்களுக்கு அறக்கட்டளையிடமிருந்து குறிப்பு வந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். பணத்தைக் கையாள பிக்குவுக்குப் பதிலாக இல்லறத்தார் வேண்டும்.

சரி, சும்மா வாங்கிக்கொண்டேனே என்ற உறுத்தலுக்கு வருகிறேன். 1969இல் பர்மாவிலிருந்து வந்து இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய எஸ்.என். கோயங்காவின் மரபில், 10 நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குக் கட்டணமே கிடையாது. தங்குவதும் சாப்பாடும்கூட இலவசம். ஆசிரியர்களுக்குச் சம்பளமும் இல்லை. ஒரு முகாமையாவது முடித்தவரிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குவார்கள். நீங்கள் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் முதல்நாள் கொடுக்க முடியாது.

நான் போன முகாமின் கடைசிக் காலையில் ஒரு சிறிய மேசை போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டை எடுத்து, மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் இரண்டு முறை நீவி நேராக்கினார். அப்புறம்தான் கொடுத்தார். சேவகர் ரசீது எழுதி, கைகூப்பி நீட்டினார். அவருக்கு முந்தி நின்றவர் கட்டாகக் கொடுத்தார். அவருக்கும் அதே ரசீது, அதே கைகூப்பல். அந்தப் 10 நாளும் நான் உண்டது எனக்கு முன்னால் அமர்ந்துபோன யாரோ விட்டுப்போனது என்று அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. அந்த யாரோவுக்கு நான் திருப்பித் தர வழியே இல்லை. பெரியவர் நீவிக் கொடுத்த நோட்டும் அவர் பார்க்கவே போகாத ஒருவருக்குத்தான் போகிறது. நீங்கள் கேட்ட உரைகளும் அப்படி வந்தவையே. உங்களுக்குக் கடன் எதுவும் இல்லை, எஸ்.

எவ்வளவு என்று கேட்கிறீர்கள். தொகை சொல்ல எனக்குத் தகுதியில்லை. தானம் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று கோசல மன்னர் பசேனதி கேட்டபோது, உன் மனம் எங்கே தெளிகிறதோ அங்கே என்று மட்டும்தான் புத்தர் சொன்னார். இன்னொரு இடத்தில், கொடுப்பதற்கு முன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்தபின் நிறைவு என்று தானத்துக்கு மூன்று வேளைகளைச் சொல்கிறார். மூன்றாவதுதான் உங்களுக்கான அளவுகோல். மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கு பார்க்கும்போது ‘ஐயோ, கொடுத்துவிட்டோமே’ என்று தோன்றினால் அந்தத் தொகை அதிகம். நினைவு வரும்போதெல்லாம் மனம் கொஞ்சம் மலர்கிறது என்றால் அது எவ்வளவு சிறியதானாலும் சரியான தொகை.

ஒன்றைமட்டும் கவனியுங்கள். ஒரு தியான வகுப்பில், கொடுத்தவர் பெயரையும் தொகையையும் சபையில் வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. பொருள் ஆதாயத்தை எண்ணித் தம்மம் சொல்லக்கூடாது என்பது புத்தர் போதிப்பவர்களுக்கு விதித்த நெறி. கொடுக்காதவருக்குக் கதவு சாத்தப்படுகிற இடத்தில் நீங்களும் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வந்த குறிப்பில் அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பணம் எதற்குச் செலவாகிறது என்று கேட்டால் சொல்வார்கள், தயங்காமல் கேளுங்கள்.

இந்த மாதம் முடியாதென்றால் விடுங்கள். அப்பாவின் நினைவு நாளில் அவர் பெயரில் சிறு தொகை அனுப்பலாம். இறந்தவர்களுக்குப் புண்ணியத்தைப் பகிர்ந்தளிப்பது பௌத்தத்தில் உள்ள வழக்கம்தான். அப்புறம் இன்னொரு வழியும் இருக்கிறது. அப்பா போனபின் நீங்கள் முதலில் கேட்ட உரை எது? அது தமிழில் இல்லையென்றால், அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு, தினம் ஒரு பத்தியாக மொழிபெயர்த்துப் பாருங்கள். முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள், பிழை பார்த்துத் தருகிறேன்.