டியூப் லைட் வெளிச்சத்தில் தலைவலியும் கண் கூச்சமும் வருகிறது. மலையகத்தில், நுவரெலியாப் பக்கம் ஆபீஸ் வேலை. பனி மூடினால் பகல் முழுக்க லைட் எரியும். எல்ஈடி மாற்றினால் சரியாகுமா?

சரியாகலாம், இன்னும் மோசமாகவும் ஆகலாம். எந்த எல்ஈடி வாங்குகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. நுவரெலியாப் பக்கம் பனி மூடினால் பகல் முழுக்க லைட் எரிகிற ஆபீஸ் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முதலில், உங்களைப் படுத்துவது வெளிச்சத்தின் துடிப்பா, கண்ணில் அடிக்கும் பளிச்சா, நிறமா என்று பிரித்துப் பாருங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பெரும்பாலும் துடிப்புதான். நம் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெளிச்சம் மங்கும். கனமான இரும்புச் சோக் போட்ட பழைய டியூப் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. பார்த்தால் தெரியாது, ஆனால் விழித்திரை அதை உணர்கிறது. 1989 இல் பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாமல் சோக்கை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் எலெக்ட்ரோனிக் பலாஸ்ட் (எலெக்ட்ரோனிக் சோக்) போட்டபோது தலைவலியும் கண் வலியும் பாதிக்கும் கீழே இறங்கின. ஆகவே "எல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மலையகக் குளிரும் சேர்ந்து வேலை காட்டும். சாதாரண டியூப் முழு வெளிச்சம் தருவது சுற்றுச் சூடு 25 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது. காலையில் 10, 12 பாகையில் உள்ளே பாதரச ஆவி குறைவு. அதனால் மங்கலாக எரியும், ஸ்டார்ட்டர் நாலைந்து தடவை அடித்துத்தான் பற்றும். சில டியூப்புக்குள் வெளிச்சம் பாம்பு மாதிரி நெளியும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் லைனில் இதே கூத்து மறுபடியும்.

டியூப்பின் முனை கறுத்திருந்தால் அது வயதாகிவிட்டது. ஒரு பக்க இழை தளர்ந்ததும் துடிப்பு 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஓரக்கண்ணில் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட டியூப்பை ஸ்டார்ட்டரோடு சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். நான்கடி 36 வாட்டுக்கு எஸ்10 ஸ்டார்ட்டர். எஸ்2 என்பது இரண்டடி 18 வாட் டியூப் இரண்டைத் தொடராகப் போடுகிற இடத்துக்கு. கடையில் கைக்கு வந்ததைக் கொடுத்துவிடுவார்கள், பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

துடிப்பு இருக்கிறதா என்று போனிலேயே பார்க்கலாம். கெமராவின் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/1000 அல்லது அதைவிட வேகமாக வைத்து, லைட் விழுகிற வெள்ளைச் சுவரைக் காட்டுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிக்கிறது. பட்டை எவ்வளவு அழுத்தமோ துடிப்பும் அவ்வளவு. சாதாரண மோடை நம்ப வேண்டாம், போன் தானாகவே பட்டையை மறைத்துவிடும். புரோ மோட் இல்லையென்றால் ஒரு பேனாவை லைட்டுக்குக் கீழே விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் துடிப்பு, ஒரே புகையாகத் தெரிந்தால் நல்ல லைட்.

எல்ஈடிக்கும் இதே சோதனைதான். மலிவான எல்ஈடியில், கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவருக்குள் இருக்கிற கெபாசிட்டர் (கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) சிறியது, சிலவற்றில் இருப்பதே பெயருக்குத்தான். அதனால் அதே 100 ஹெர்ட்ஸ் திரும்ப வந்துவிடும், சிலவேளை டியூப்பைவிடக் கூர்மையாக. ஐஈஈஈ என்ற சர்வதேசப் பொறியியலாளர் அமைப்பின் 1789 ஆம் இலக்க 2015 வழிகாட்டியின்படி 100 ஹெர்ட்ஸில் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் 8 வீதத்துக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு. பெட்டியில் இந்தக் கணக்கை அநேகமாகப் போடமாட்டார்கள். ஒன்றை மட்டும் வாங்கி, போனில் பார்த்து, சரியென்றால் அதே பிராண்டில் மிச்சத்தை வாங்குவதுதான் கெட்டித்தனம்.

பொருத்துவது எலெக்ட்ரீஷியன் வேலை. பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, எல்ஈடி டியூப்போடு வரும் டம்மி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். சில எல்ஈடி டியூப்புக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கரண்ட் வர வேண்டும். வயரை மாற்றியமைத்த லைட் பெட்டியில் அதைத் தலைமாற்றிப் போட்டால் ஷோர்ட் ஆகும். எந்தப் பக்கம் கரண்ட் என்று அந்த லைட் பெட்டியிலேயே எழுதி ஒட்டிவிடச் சொல்லுங்கள். அடுத்து மாற்றப்போகிறவருக்கு அது தெரியாது.

இனி பளிச்சு. தலைக்கு நேர் மேலே இருக்கிற டியூப்பைக் கழற்றிவிட்டு, மேசையில் 5 முதல் 7 வாட் எல்ஈடி விளக்கொன்று, 2700 அல்லது 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்), பால்நிற மூடியோடு வையுங்கள். டியூப்பில் பேப்பரோ துணியோ சுற்றவே கூடாது, சோக் சுடும். யன்னல் பக்கவாட்டில் வருகிற மாதிரி உட்காருங்கள். பனி நாளில் வெளியே வானம் வெள்ளைத் திரையாக நிற்கும். அது கொம்பியூட்டருக்குப் பின்னால் இருந்தால் டியூப்பைவிடத் தொல்லை. கொம்பியூட்டர் திரையையும் ஒருமுறை சோதியுங்கள். சில திரைகள் பிரகாசத்தைக் குறைக்கும்போது துடிக்கும். பிரகாசத்தை முழுதாக ஏற்றிவிட்டு சொஃப்ட்வேரில் மங்கலாக்கினால் அது அடங்கும்.

இனி நிறம். ஆபீஸுக்குள்ளே கறுப்புக் கண்ணாடி போடுவதை நான் ஆதரிக்கவில்லை. கண் இருட்டுக்குப் பழகி, பிறகு சாதாரண வெளிச்சமும் தாங்காது. மைக்ரேன்காரருக்கு எஃப்எல்-41 என்ற ரோஸ் நிறக் கண்ணாடி நல்லது, 480 நனோமீட்டர் அளவிலான நீலப்பச்சையை அது குறைக்கிறது. ஆனால் தேயிலை பெக்டரியில் தரம் பிரிக்கிறவர்கள் அதைப் போட்டால் தூளின் நிறம் மாறித் தெரியும். பெக்டரிக்கு இன்னொரு விஷயம்: துடிக்கும் வெளிச்சத்தில் சுற்றுகிற ஃபேனும் பெல்ட்டும் நின்றிருப்பது போலத் தோன்றலாம். தலைவலி இல்லாதவருக்கும் அது ஆபத்து.

மெனேஜரிடம் "லைட் ஒத்துக்கொள்ளவில்லை" என்றால் எடுபடாது. இப்படிக் கேளுங்கள்: "சேர், என் மேசைக்கு மேல இருக்கிற ரெண்டு டியூப்பும் துடிக்குது, போன்ல இந்தா பாருங்க. ரெண்டையும் மாத்தினா போதும்." கூடவே டொக்டரின் கடிதம் இருந்தால் நல்லது. பெக்டரியாக இருந்தால், போதிய, பொருத்தமான வெளிச்சம் வேண்டுமென்று 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது.

லைட்டை மாற்றியும் குறையாவிட்டால் கண்டியிலோ பதுளையிலோ பெரிய ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போங்கள். கண் உலர்வு, மைக்ரேன், தலையில் அடிபட்டது, எல்லாமே இப்படிக் காட்டும். திடீரென்று ஒரு கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு டியூப்பிலிருந்து வரும் புற ஊதாக் கதிரும் ஒத்துக்கொள்ளாது, அக்ரிலிக் மூடி போட்ட பெட்டியே நல்லது. வலிப்பு உள்ளவர் இருக்கிற அறையில் மினுக்கு மினுக்கென்று அடிக்கும் டியூப்பை ஒரு நாளும் விட்டுவைக்கக் கூடாது.

கழற்றிய டியூப்பைத் தேயிலைச் செடிக்குள் எறியாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைந்தால் யன்னலைத் திறந்துவிட்டு 15 நிமிடம் வெளியே இருங்கள். பிறகு தும்புத்தடியால் கூட்டாமல், கடதாசி மட்டையால் அள்ளி, மிச்சத் தூளை செலோடேப்பால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள போத்தலில் போடுங்கள்.