மருந்துச் சீட்டும் மாத்திரை அட்டையும்: வாசகர் கேள்வி–பதில்

மும்பையில் முதியவர்களையும் படுக்கையில் இருப்பவர்களையும் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் தமிழ்ப் பெண்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் பியூரோ மூலம் மாட்டுங்காவில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன். தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். டாக்டர் சீட்டில் ஓ.டி., பி.டி., எஸ்.ஓ.எஸ். என்றெல்லாம் எழுதுகிறார். வீட்டார் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் யாரிடமும் கேட்க முடிவதில்லை. இவற்றை விளக்க முடியுமா? (தாராவி வாசகி)

பதில்: ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு முறை, பி.டி. என்றால் இரண்டு முறை, டி.டி.எஸ். என்றால் மூன்று முறை, க்யூ.ஐ.டி. என்றால் நான்கு முறை. எச்.எஸ். என்பது படுக்கப் போகும் நேரம், ஏ.சி. உணவுக்கு முன், பி.சி. உணவுக்குப் பின், ஸ்டாட் என்றால் அந்த நிமிடமே கொடுக்க வேண்டும். எஸ்.எல். என்றிருந்தால் மாத்திரையை விழுங்க விடாமல் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். ஐ.வி., ஐ.எம். ஆகியவை ஊசி வழிகள். அவை பயிற்சி பெற்ற செவிலியரின் வேலை. யார் வற்புறுத்தினாலும் நீங்கள் அவற்றைச் செய்யக் கூடாது.

இவ்வளவையும் ஒரு வாரத்தில் மனத்தில் பதித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த எழுத்துகள் சொல்லாமல் விடுவதைத்தான் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓ.டி. என்பது ஒரு முறை என்கிறதே தவிர, காலையா இரவா என்று சொல்வதில்லை. சிறுநீரைக் கூடுதலாக வெளியேற்றும் லாசிக்ஸ் போன்ற மாத்திரையை இரவில் கொடுத்தால், பெரியவர் நள்ளிரவில் இரண்டு மூன்று தடவை கழிப்பறைக்கு எழுந்து, இருட்டில் தடுமாறி விழ நேரலாம். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், சிற்றுண்டிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு தண்ணீரோடு மட்டும் கொடுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளித்தான் கொடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு ஓ.டி.க்கும் எதிரே எத்தனை மணிக்கு என்பதை டாக்டரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ கேட்டு, தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் கேட்பது எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும் கொடு என்று பொருள்படும் இந்த மூன்று எழுத்துகள், முடிவெடுக்கும் பொறுப்பை உங்கள் தலையில் வைத்துவிடுகின்றன. எதற்காகக் கொடுப்பது, இரண்டு வேளைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்ற மூன்றையும் கேட்காமல் அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள். பாரசிட்டமாலை எடுத்துக்கொண்டால், உடல் திடமான வயதுவந்தவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். உடல் மெலிந்த முதியவருக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவருக்கும் அளவு அதைவிடக் குறைவு என்பதால், டாக்டர் சொல்லும் எண்ணிக்கையே வரம்பு. கொடுத்த நேரத்தைக் கொடுத்த உடனே எழுதிவிடுங்கள். இரவுப் பணிக்கு வருபவர் அதைப் பார்த்துத்தான் அடுத்ததைக் கொடுப்பார்.

கண் டாக்டரின் சீட்டில் மட்டும் ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது கண் என்று வரும். சொட்டு மருந்துக்கு எதிரே ஓ.டி. என்று கண்டால் எந்தப் பொருளில் எழுதியிருக்கிறார் என்று கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு வீட்டு டாக்டர் எழுதிய டெல்மா மாத்திரை நடந்துகொண்டிருக்கிறது. மாநகராட்சி மருத்துவமனைக்குப் போனபோது கேஸ் பேப்பரில் டெல்மிகைண்ட் என்று எழுதிக் கொடுத்தார்கள். பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் கொடுக்கலாமா? (செம்பூர் வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். இரண்டும் டெல்மிசார்டன் என்ற ஒரே இரத்த அழுத்த மருந்து, கம்பெனிகள்தான் வேறு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, எழுந்து நிற்கும்போதே மயங்கி விழலாம். எதைத் தொடர்வது, எத்தனை மில்லிகிராம் என்பதை வீட்டாரிடம் சொல்லி இன்றே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அட்டையில் டெல்மா என்று இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் அருகே டெல்மிசார்டன் என்று இருப்பதுதான் மருந்தின் பெயர். நீங்கள் படிக்க வேண்டியது அந்த மருந்துப் பெயரை. டோலோ, குரோசின், கால்பால் எல்லாம் பாரசிட்டமால்தான். சளிக்குக் கொடுக்கும் பல மாத்திரைகளிலும் அது கலந்திருக்கிறது. மருந்துப் பெயரின் கடைசி அசையைக் கவனித்தால் அது எந்த இனம் என்பது ஓரளவு தெரியும்: சார்டன், பிரில், டிபின், லோல் என்று முடிபவை பெரும்பாலும் இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ ஆனவை, ஸ்டாட்டின் கொழுப்புக்கு, பிரசோல் என்று முடிபவற்றில் பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் முதலியவை வயிற்று அமிலத்துக்கு. இந்த அடையாளம் உங்களை எச்சரிப்பதற்கு மட்டுமே உதவும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிக் கொடுப்பதற்கு அன்று.

பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். டெல்மா-ஏ.எம். என்றால் அதோடு அம்லோடிபினும், டெல்மா-எச். என்றால் சிறுநீர் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் மருந்து பல மணி நேரத்துக்கு மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்த மாத்திரை என்று அறியலாம். விழுங்க முடியவில்லை என்பதற்காகவோ மூக்குக் குழாய் வழியே கொடுப்பதற்காகவோ அதை இடித்துப் பொடித்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். எகோஸ்பிரின் போன்ற மேலுறை போட்ட மாத்திரையைப் பொடித்தால், வயிற்றைக் காக்கும் உறை போய்விடும். பொடிக்க வேண்டிய நிலை வந்தால், அதே மருந்து திரவமாகவோ சாதாரண மாத்திரையாகவோ கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: இன்சுலின் போடும் முறையை நர்ஸ் கற்றுக்கொடுத்திருக்கிறார். கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சு இல்லை என்று ஆரஞ்சு மூடி கொடுத்தார்கள். ஏதாவது வித்தியாசம் உண்டா? (முலுண்டு வாசகி)

பதில்: உயிருக்கே ஆபத்தான வித்தியாசம். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவியில் வருவது பொதுவாக 100 யூனிட். 100 யூனிட் குப்பிகளும் விற்பனையில் உண்டு. சிவப்பு மூடி 40க்கும் ஆரஞ்சு மூடி 100க்கும் உரியவை. 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லிலிட்டர் வரும். அதே அரை மில்லிலிட்டரை 100 யூனிட் குப்பியிலிருந்து இழுத்திருந்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கிவிடும். உங்கள் கையில் இருப்பது 40 யூனிட் குப்பி என்றால், ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுக்கும்போது 8 யூனிட்தான் வரும். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். குப்பியில் அச்சிட்ட எண்ணும் சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் போடுங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் அந்தச் சிரிஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குறிப்பேட்டில் யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் யு என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால், அது பூஜ்யமாகத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும்.

கேள்வி: மூட்டுவாதம் உள்ள பாட்டிக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற சிறிய மஞ்சள் மாத்திரை இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் என்று எழுதியிருப்பது சரிதானா? (டோம்பிவிலி வாசகி)

பதில்: சரிதான். மூட்டுவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுப்பார்கள். தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் குறையும், வாய் புண்ணாகும், உயிரும் போகலாம். அதோடு எழுதிக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் சிறியதாக மஞ்சளாகவே இருப்பது உண்டு. ஆகவே இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, மெத்தோட்ரெக்சேட் பெட்டியின் மேல் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ கண்டால் அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: அட்டையில் காலாவதி ஆகஸ்ட் என்று மாதம் மட்டும் இருந்தால் எந்தத் தேதி வரை கொடுக்கலாம்? (சயான் வாசகி)

பதில்: அந்த மாதத்தின் கடைசி நாள் வரை. ஆனால் திறந்துவிட்ட கண் சொட்டு மருந்துக்கு இது பொருந்தாது. கண் சொட்டு மருந்துப் புட்டியைத் திறந்தபின் பொதுவாக நான்கு வாரம்தான் பயன்படுத்தலாம். எனவே திறந்த தேதியைப் புட்டியின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.